பதினோராவது சாதனம்

மூன்று பேர்தான் என்றால் யாரை விட்டிருக்கிறது? அப்பாவை விட்டிருந்தால் பரவாயில்லை. குரல் கம்மிப்போயிற்று, அதற்குக் கேட்டிருக்காது என்று சமாளிக்கலாம். மகளை விட்டிருந்தாலும் சரிதான். அறையை விட்டு வெளியே வந்தால்தானே அவள் இருப்பதே தெரியும். போயும் போயும் இவளையா விட வேண்டும்? அதுவும் இன்றைக்கா?

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவர்த் திரையை மறுபடி படித்தார்.

'இவ்வீட்டில் மனிதர்கள்: மூவர். சாதனங்கள்: பதினொன்று.'

வீட்டில் இருப்பது நாலு பேர். சாதனங்கள் பத்து, அவரே கூட நின்று பொருத்த வைத்தவை. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. இந்தப் பட்டியலை அவர் இன்றுதான் முதன்முறையாகத் திறந்து பார்க்கிறார்.

'சமையலறை. குரலுக்கு இயங்கும் பல்நோக்குச் சாதனம். தயாரிப்பு ஆண்டு: சொல்வதற்கில்லை. உத்தரவாதம்: முடிந்துவிட்டது. பழுது: இதுவரை இல்லை.'

சமையலறையில் அந்த நேரத்தில் பல நோக்கங்களோடு இயங்கிக்கொண்டிருந்தது அவருடைய மனைவி.

திரைக்குக் கீழே, அலமாரியின் மேல், கறுப்பாக ஒரு பூந்தொட்டி அளவில் உட்கார்ந்திருந்தது பெட்டி. கம்பெனி அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது வெறும் பெட்டி. பேச்சை வைத்தே யாருக்கு என்ன தேவை என்று தெரிந்துகொண்டு விளக்கு, மின்விசிறி, வெந்நீர், வாசற்கதவு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும். 'மனிதரின் தேவைக்கே முதலிடம்' என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. எழுதியவர் அவர்தான். அந்தக் கம்பெனியின் மனிதநலப் பிரிவுக்கு அவர் தலைவர். பெட்டி மனிதர்களை மதிக்கிறதா, வரம்பு மீறாமல் நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை.

இப்படி ஒரு பிரிவு தண்டம் என்று முதலாளி வெகுநாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொள்ளலாமா, மூடிவிடலாமா என்று சொல்வதற்கு வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தியிருந்தார்கள். பெட்டி ஒரு மாதமாக ஓடுகிற ஒரே வீடு இது என்பதால் அந்த அம்மாள் இன்று மாலை இங்கே வருகிறார். மூடிவிடலாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டால் இவர் மறுபடி விற்பனைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே இப்போது தலைவனாக இருப்பவன், ஒரு காலத்தில் இவருக்குப் பை தூக்கினவன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெட்டியிடம் பேசினார். "இதோ பாரு. சமையலறையில இருக்கறது சாதனம் இல்ல. என் மனைவி. மாத்து."

"தங்கள் அன்பு புரிகிறது, ஐயா," என்றது பெட்டி. அதற்குச் செந்தமிழ்தான் வரும். "சாதனங்களிடம் பாசம் உண்டாவது இயல்பே. சென்ற வாரம் தாங்கள் தங்கள் காரைக்கூட 'என் கண்ணு' என்றீர்கள்."

"யாருகிட்டங்க பேசறீங்க?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"யாருகிட்டயும் இல்ல. நீ ஒரு டீ..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

இங்கேதான் தப்பு நடந்திருக்கிறது. ஒரு மாதமாகப் பெட்டி என்ன கேட்டிருக்கும்? டீ போடு, சட்டை எங்கே, மோட்டாரை நிறுத்து, மருந்தை எடு. சொன்னால் நடக்கிறது. எதிர்க்கேள்வி இல்லை. அது வேறு என்னவென்று நினைக்கும்? இந்த எண்ணம் அவருக்குக் கொஞ்சம் சங்கடத்தைத் தந்தது. இதற்கெல்லாம் சங்கடப்படுகிற மனம் தனக்கு இருக்கிறதே என்பது அந்தச் சங்கடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திருப்தியைத் தந்தது.

அப்பாவையும் மகளையும் கூடத்துக்குக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார்.

"அம்மாவை மெஷின்னு போட்டிருக்கா?" மகள் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உத்தரவாதம் வேற முடிஞ்சிடுச்சாம். பாவம்ப்பா நீங்க."

"சிரிக்காதே. இனிமே அம்மாகிட்ட யாரும் அதிகாரமாப் பேசக் கூடாது. எது வேணும்னாலும் தயவுசெஞ்சுன்னு சேர்த்துக் கேக்கணும்."

"டேய், நான் போய் மருமககிட்ட தயவுசெஞ்சுன்னு சொன்னா, எனக்குக் கடைசிக் காலம் வந்துடுச்சுன்னு அவ பயந்துக்குவாடா," என்றார் பெரியவர்.

"மகளுக்கு இப்போது ஓய்வு தேவை," என்று பெட்டி குறுக்கிட்டது. "அப்பா பேச ஆரம்பித்தால் தலை வலிக்கிறது என்று நேற்றுத் தோழியிடம் போனில் சொன்னார். பெரியவருக்கு இன்று சர்க்கரை குறைவாகத் தேவை. காலையில் டப்பாவைத் திறந்துகொண்டே 'யாரும் பாக்கல' என்று சொன்னது கேட்டது."

மகள் தரையைப் பார்த்தாள். பெரியவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அம்மாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே அது," என்றாள் மகள் எரிச்சலோடு.

"அதாம்மா பிரச்சினையே!" என்றார் அவர்.

கூட்டம் கலைந்தது. அவரே முதலில் சமையலறை வாசலில் போய் நின்றார். "தயவுசெஞ்சு, உனக்குச் சிரமம் இல்லன்னா, ஒரு டீ கிடைக்குமா?"

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு? யாராவது போயிட்டாங்களா?"

டீ வந்தது. அவர் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார். ஒரு வரி மாறியிருந்தது. 'மென்மையாகக் கையாள வேண்டிய பல்நோக்குச் சாதனம்.'

அரை மனதான வைத்தியம் போதாது என்று தோன்றியது. அடுத்த கட்டமாக, யாரும் அவளிடம் எதுவுமே கேட்கக் கூடாது, அவரவர் வேலையை அவரவரே செய்துகொள்வது என்று முடிவானது. மனைவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நீ சும்மா உக்காரு. போதும்."

காரணம் கேட்பாள், மறுப்பாள், அடுப்பில் பால் இருக்கிறது என்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் போதவில்லை என்று தோன்ற, எழுந்து ஸ்விட்சைத் தட்டி விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். மற்றவர்களெல்லாம் பெட்டியிடம் சொல்லி விளக்குப் போடுவார்கள். அவள் மட்டும் எப்போதும் ஸ்விட்சுதான். பழைய பழக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பெரியவர் தன் டீயைத் தானே போடப் போனார். டீத்தூள் எங்கே என்று தேடித் திரும்புவதற்குள் பால் பொங்கி வழிந்து, மிச்சம் அடிப்பிடித்து, வீடெல்லாம் புகை. மகள் அப்பாவின் வெள்ளைச் சட்டைகளோடு தன் சிவப்புப் பாவாடையையும் சேர்த்து இயந்திரத்தில் போட்டாள். சட்டைகள் அழகான ரோஜா நிறத்தில் வெளியே வந்தன. அன்று மாலைக்கென்று அவர் எடுத்து வைத்திருந்த சட்டையும் அதில் ஒன்று.

"கவனிக்கவும்," என்றது பெட்டி. "முக்கியமான சாதனம் ஒன்று வெகுநேரமாக இயங்கவில்லை. மூன்று மனிதர்களின் தேவைகள் பாதிக்கப்பட்டுள்ளன. மனிதரின் தேவைக்கே முதலிடம். பழுது பார்க்க ஆள் அனுப்பச் சொல்லிவிட்டேன்."

"ஐயோ, வேண்டாம்! வேண்டாம்னு சொல்லு!"

"பதற வேண்டாம், ஐயா. புதிது வாங்க நேராது என்று நம்புகிறேன்."

மனைவி ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"நீயாவது அதுகிட்ட ஏதாவது கேளேன்," என்று அவர் அவளிடம் கெஞ்சினார். "எனக்கு இது வேணும், அது வேணும்னு. நீ வாயைத் திறந்து கேட்டாத்தானே அது உன்னை மனுஷின்னு புரிஞ்சுக்கும்?"

"எனக்கு அதுகிட்ட என்னங்க கேக்க இருக்கு?"

எவ்வளவு எளிய மனம் என்று அவருக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் நெகிழ்ந்து நிற்க நேரமில்லை. அவள் கேட்காவிட்டால் என்ன, அவளுக்காகத் தானே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். அலமாரிக்குப் பக்கத்தில் திரைச்சீலையை இழுத்து மறைத்துக்கொண்டு, குரலை மெலிதாக்கி, "எனக்கு ரொம்பக் களைப்பா இருக்குங்க. அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்களேன்," என்றார்.

பெரியவர் கையிலிருந்த கரிப்பாத்திரத்தோடு அப்படியே நின்றார்.

பெட்டி சற்று யோசித்தது. "ஐயா, தங்கள் குரலில் கடுமையான மாறுதல் தெரிகிறது. தொண்டை பாதிக்கப்பட்டிருக்கலாம். மனம் என்றும் கொள்ள இடமுண்டு. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். மாலை வரவிருந்த மதிப்பீட்டாளருக்கும் தகவல் போய்விட்டது. தாங்கள் திரைச்சீலையை விட்டு வெளியே வந்து படுத்துக்கொள்ளலாம்."

மதிப்பீட்டாளர் இரக்கமுள்ளவர். மாலை வரை காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல்மணி அடித்தபோது, படியில் அந்த அம்மாளும், தோளில் கருவிப் பை மாட்டிய ஓர் இளம்பெண்ணும் சேர்ந்தே நின்றார்கள். அவர் ரோஜா நிறச் சட்டையில் போய்க் கதவைத் திறந்தார்.

"உடம்பு முடியலன்னு உங்க மெஷின் சொல்லுச்சு," என்றார் மதிப்பீட்டாளர், புகையை முகர்ந்தபடி. "எங்கயாவது தீப்பிடிச்சிருக்கா?"

"பழுது எதுல சார்?" என்றாள் கருவிப் பைப் பெண்.

"பழுதான சாதனம் கூடத்தில் நாற்காலியில் இருக்கிறது," என்று பெட்டி வழிகாட்டியது.

அந்தப் பெண் நாற்காலிவரை போய், திருப்புளியை எடுத்து, நாலா பக்கமும் பார்த்தாள். "எங்கங்க?"

"நான்தாம்மா அது," என்றாள் மனைவி பத்திரிகையை மடித்துக்கொண்டே. "வெயில்ல வந்திருக்கே, முதல்ல உக்காரு."

மதிப்பீட்டாளர் திரையைப் படித்தார். இரண்டு முறை படித்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துபோயிற்று. அப்படித் தெரிந்த நொடியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற துணிவும் வந்தது.

"மேடம், தப்பு பெட்டிமேல இல்ல. என்மேல," என்று தொடங்கினார். குரல் தானாகவே கம்மியது. "கல்யாணமான நாள்லேருந்து நான் இவளை ஏவிக்கிட்டுத்தான் இருக்கேன். உனக்கு என்ன வேணும்னு ஒரு நாள் கேட்டதில்ல. நாங்க இவளை எப்படி நடத்தறோம்னு இந்தப் பெட்டி பாத்துது. பாத்ததை எழுதிடுச்சு. அதுக்கு நாங்கதான் வாத்தியார்."

சொல்லச் சொல்ல, தான் சொல்வது நன்றாக இருக்கிறது என்று அவருக்கே தோன்றியது. மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு நேர்மையா ஒருத்தர் பேசி நான் கேட்டதில்ல," என்றார். "மெஷினைச் சாக்கு சொல்லாம தன்னையே பாத்துக்கறீங்க பாருங்க, இதுக்குத்தான் இப்படி ஒரு பிரிவு வேணும். மூடக் கூடாதுன்னு நான் சொல்றேன்." பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு காரியம் பண்ணுங்கம்மா. அதுகிட்டப் போய், 'நான் இந்த வீட்டு மனுஷி, எனக்கு இன்னது வேணும்'னு உங்க வாயால சொல்லுங்க. உடனே மாத்திடச் சொல்றேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா," என்றாள், யார் மனமும் நோகாத குரலில். "நான் சாதனமாவே இருந்துக்கறேன்."

பத்திரிகையை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போய்விட்டாள். அங்கே அவள் யாருக்கோ போன் போட்டு, தாழ்ந்த குரலில் பேசிச் சிரிப்பது கேட்டது.

அவருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா மேடம்? எவ்வளவு பழகிப்போச்சு அவளுக்கு."

"அழாதீங்க சார்," என்றாள் கருவிப் பைப் பெண். அவள் இத்தனை நேரமும் திரையைத் தட்டித் தட்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "பெட்டி தானா யாரையும் சாதனம்னு போடாது. இது கையால அடிச்சுச் சேர்த்தது. பெட்டி வந்த அன்னிக்கே."

"யாரு?" என்றார்கள் அவரும் மதிப்பீட்டாளரும் ஒரே குரலில்.

"மொத நாள் அது நீங்க எழுதின விதியெல்லாம் வாசிக்கும்ல சார்? மனுஷங்க பேசறது எல்லாத்தையும் கேட்டுப் பதிவு பண்ணி வெச்சுக்குவேன், சாதனங்களோட சத்தத்தை மட்டும் கண்டுக்க மாட்டேன்னு. அது முடிக்கறதுக்குள்ள மூணு பேர் 'சரி, சரி'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கீங்க." அவள் திருப்புளியைப் பைக்குள் போட்டு மூடினாள். "நீங்க எழுதினதைக் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்ட ஒரே மனுஷி அம்மாதான் சார்."