தொரையின் பைனாகுலர்

எதிர்மலையில் இரண்டு மாதா கோயில்கள் தெரிந்தன. காலையில் ஒன்றுதான் இருந்தது.

ஜேசன் பைனாகுலரை இறக்கினான். தேயிலைத் தோட்டத்துத் தொரை கொழும்புக்குப் போயிருந்த சமயம், கீழ் மைதானத்துக் கிரிக்கெட்டைப் பார்க்க, பங்களாவிலிருந்து கேட்காமல் எடுத்தது. சிக்ஸர் போனது. கைதட்டினான். பைனாகுலர் கல்லில் விழுந்தது.

தோட்ட ஆபீஸில் அவன் தற்காலிகக் கிளாக்கர். வேலையை நிரந்தரமாக்கும் கையெழுத்தைத் தொரை வந்துதான் போட வேண்டும்.

திருகாணியைக் கழற்றி உள்ளே தட்டினான். இரண்டு கோயில்களில் ஒன்று தலைகீழானது.

பதுளையில் மூக்குக்கண்ணாடிக் கடை றுஷ்தி பார்த்துச் சிரித்தார்.

"இத யாரு கழட்டின?"

"தானாக் கழண்டிருச்சுங்க."

"சீல் ஒடஞ்சா கம்பனி எடுக்காது தம்பி."

ஜேசன் சீலை சுப்பர் குளூவால் ஒட்டினான். பசையின் ஆவி உள்ளே படிந்தது. கோயில்கள் மறைந்தன. மலையும் மறைந்தது.

வேறு வழியில்லாமல் கம்பனிக்கே போன் போட்டான்.

"பெட்டியத் தொறக்கறப்பவே இப்படித்தாங்க இருந்துச்சு."

"அப்ப பிழை எங்கடதாத்தான் இருக்கும்," என்றாள் கம்பனிப் பெண். "அடியில இருக்கிற நம்பரச் சொல்லுங்கோ."

சொன்னான். இப்படியும் ஒரு கம்பனியா என்று நெஞ்சு நிறைந்தது. மறுநாள் அவளே அழைத்தாள்.

"நம்பரப் பாத்தம். நாளைக்கு ஓனரையும் கூட்டிக்கொண்டு வாறம். புதுச அவற்ற கையிலதான் குடுப்பம்."

தொரையைக் கொழும்பிலேயே பிடித்துவிட்டார்கள்!

ஆனால் மறுநாள் காலை தொரை தனியாகத்தான் வந்து இறங்கினார். ஜேசன் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினான். எடுத்தது, போட்டது, கழற்றியது, ஒட்டியது.

"நம்பரையும் சொன்னியா?"

"ஆமாங்க தொரை. ஓனரக் கூட்டிட்டு வர்றாங்களாம். நீங்க இங்க வந்துட்டது தெரியாம கொழும்புல தேடுறாங்க போல."

தொரை திட்டவில்லை. நிரந்தர வேலைக் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பைனாகுலரைத் தன் கையாலேயே அவன் கழுத்தில் மாட்டினார்.

"இனிமே இது உன்னோடது ஜேசன்."

"தொரை!"

இந்த மனுசனிடம் போய் மறைக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

பைனாகுலர் மார்பில் ஆட, பங்களா வாசலில் நிமிர்ந்து நின்றான். கம்பனி வான் மேடேறி வந்தது. பின்னால் பொலிஸ் ஜீப்.

சமையல்காரர் யாகோப்பு குசினியிலிருந்து பாய்ந்து வந்தார்.

"அதக் கழட்டுங்க தம்பி! ஹல்துமுல்லைத் தோட்டத்துத் தொரை வீட்டு விருந்துல நம்ம தொரை கோட்டுக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வந்தது அது. இந்நேரம் மொனராகலை பஸ்ஸுல ஏறியிருப்பாரு!"