சோலார் தகட்டுக்கு ஒரு சாமியார்

ஏப்ரல் பிறந்ததும் தென்கொரியாவின் ஜொல்லா சீமையில் எங்கள் தாங்சோன் கிராமத்துக்கு பேக்உன் சாமியார் வந்து சேர்ந்தார். காய்ச்சலுக்கு மந்திரிப்பவர், பேய்க்கு மந்திரிப்பவர் எல்லாம் பழசாகிவிட்டார்கள். இவர் சோலார் தகட்டுக்கு மந்திரிப்பவர். தெய்வீகமும் காலத்துக்கேற்ப முன்னேற வேண்டாமா?

எங்கள் ஊரில் எல்லா மொட்டைமாடியிலும் சோலார் தகடு உண்டு. அந்த வசந்தத்தில் வெயில் இருந்தும் மின்சாரம் நாளுக்கு நாள் குறைந்தது. மேற்கேயிருந்து மூன்று வாரமாக மஞ்சள் புழுதி வீசியதையும், ஒரு சொட்டு மழை பெய்யாததையும் நாங்கள் ஏன் கவனிக்க வேண்டும்? “வானத்தோட கோபம்” என்றார் சாமியார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

மலை ஊற்றுத் தீர்த்தம் என்று கேன் கேனாகக் கொண்டுவந்து தகடுகளைத் தேய்த்து நீராட்டுவார். பிறகு மஞ்சள் தாளில் சிவப்பாகக் கிறுக்கிய மந்திரச் சீட்டைத் தகட்டின் இரும்புக் காலில் ஒட்டுவார். உடனே இன்வெர்ட்டரில் எண் விறுவிறுவென்று ஏறும். ஊரே கைகூப்பும். காணிக்கை ஒரு மூட்டை அரிசி. என் வீட்டு நீராட்டுக்கு இன்னும் நாள் வரவில்லை. ஆனால் சீட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன். அவ்வளவு அறிவாளி நான்.

பக்கத்து வீட்டு மல்சூன் அக்காவுக்கு மட்டும் காணிக்கை வேறு. “உன் மாடி கல்லறை மேட்டைப் பாத்திருக்கு. பெரிய சீட்டுதான் தாங்கும். கொட்டில்ல நிக்கிற கன்னுக்குட்டியக் கொடு” என்றார் சாமியார். தேய்ந்துபோன முழங்காலுக்கு ஆபரேஷன் செய்ய அக்கா வளர்த்த கன்று அது. அதையும் தருவதாகச் சொல்லிவிட்டாள். வயிறு எரிந்தது அவளுடைய வியட்நாம் மருமகள் துவாவுக்குத்தான்.

“அத்தே, கன்னு போச்சுன்னா உங்க முட்டியை யாரு சரி பண்ணுவா? இந்தச் சாமியாரா?”

“வாயக் கழுவுடி! அவர் காதுல விழுந்தா இருக்கிற கரண்ட்டும் போயிடும்.”

“வாயையும் கழுவுறேன், மாடியையும் கழுவுறேன்.”

மறுநாள் விடிந்ததும் மாட்டுத் தொட்டித் தண்ணீரை மேலே சுமந்து தன் வீட்டுத் தகடுகளைக் கழுவினாள். பிறகு என்னிடம் வந்தாள். “மாமா, உங்க வீட்ல சீட்டு மட்டும் ஒட்டுங்க. தண்ணி படக்கூடாது. ரெண்டு வீட்லயும் ஆறாறு தகடு, நேத்து மத்தியானம் ரெண்டுலயும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாட். இன்னைக்குப் பாத்துடலாம்.”

நடுப்பகலில் கன்றை ஏற்ற லாரியோடு வந்தார் சாமியார். பின்னாலேயே ஊரும் வந்தது. துவா இரண்டு வீட்டு இன்வெர்ட்டரையும் காட்டினாள்.

“சீட்டே ஒட்டாத எங்க வீடு ரெண்டாயிரத்து நானூறு. சீட்டு ஒட்டுன மாமா வீடு ஆயிரத்து முன்னூறு. என்ன சாமி, உங்க மந்திரம் ரிவர்ஸ்ல போகுது?”

“நம்பிக்கை இல்லாம ஒட்டினா அப்படித்தான்” என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் நம்பிக்கையையா சொல்றீங்க? தகட்டுக்கு ஒண்ணா ஆறு சீட்டு, நட்டநடு முகத்துல ஒட்டியிருக்கேனே!”

“முகத்துலயா? யோவ், அறிவிருக்கா உனக்கு? நிழல் விழுந்தா கரண்ட் எப்படிய்யா வரும்!”

சொன்ன பிறகுதான் சாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்ப கரண்ட் வர்றது வெயில்ல, சீட்டுல இல்ல” என்றாள் துவா. “சீட்டு மறைச்சா குறையுதுன்னா, புழுதி மறைச்சாலும் குறையத்தானே செய்யும்? அதான் வீடு வீடா மொதல்ல கழுவுறீங்க.”

“அது ஊற்றுத் தீர்த்தம்மா...”

“நான் ஊத்தினது எங்க மாடு குடிச்சு மிச்சம் வெச்ச தண்ணி. அது எந்த மலை ஊற்று?”

முதலில் சிரித்தது ஊர்த்தலைவர். பிறகு எல்லோரும் சிரித்தோம். சாமியாரின் லாரியிலிருந்து அரிசி மூட்டைகள் இறங்கின, கன்று ஏறவில்லை. மல்சூன் அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த வெட்கம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. மறுநாள் காலை துவா வீட்டு வாசலில் அதே அரிசி மூட்டைகளோடு வரிசை. நானும் நின்றேன்.

“உன் கை ராசியான கைம்மா. எங்க வீட்டுத் தகட்டையும் நீயே தொட்டுக் கழுவிக் கொடு” என்றார் ஊர்த்தலைவர்.

துவா இடுப்பில் கைவைத்து எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என் கையில ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க வீட்லயும் தண்ணி வருதில்ல? போய்க் கழுவுங்க. தகட்டுல படிஞ்ச புழுதியத் தண்ணி எடுத்துடும். மண்டையில படிஞ்சத எடுக்கணும்னா நீங்கதான் யோசிக்கணும்!”