போகச் சொன்ன மணல்

பள்ளிக்கூட விடுமுறைக்கு ஆறு நாள் இருக்கும்போது புதுக் காய்ச்சல் வந்து சேர்ந்தது. கொரோனாவின் ஒன்றுவிட்ட தம்பி என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். தொண்டை நோகும், உடம்பு கொதிக்கும், அநேகம் பேருக்கு நாலைந்து நாளில் மாறிவிடும். வயது போனவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிமாருக்கும்தான் பொல்லாதது. "காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் பயணத்தைத் தள்ளிவையுங்கள்" என்று நோட்டீஸ் அடித்து, திருகோணமலை நகரம் முழுக்க இலவசமாகக் கொடுத்தார்கள். இலவசமாகக் கொடுத்ததுதான் பிழை. ஊருக்குள்ளேயே திரிந்து பஸ் நிலையத்தடியில் மேய்கிற மான்களில் ஒன்று ஒரு நோட்டீசை முழுதாகத் தின்றது. அந்த நோட்டீசில் அவ்வளவு அக்கறை காட்டிய ஜீவன் அது ஒன்றுதான்.

சனம் போனது மணல் சித்தரிடம்.

உட்துறைமுக வீதியில், பூட்டிக் கிடந்த, கட்டில் மேசை விற்கிற தளபாடக் கடை ஒன்றின் மேல்மாடியில் சித்தர் இறங்கியிருந்தார். கைலாய மலைக்கு அந்தப் பக்கம், மனிதக் கால் படாத ஆற்றங்கரையில், தன் கையாலேயே அள்ளிவந்த கறுப்பு மணல் அவரிடம் இருந்தது. மனிதக் கால் படாத இடத்துக்கு அவர் எதால் நடந்து போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேசையில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதன் ஒரு பக்கம் "போ", மறு பக்கம் "நில்" என்று சுண்ணாம்பால் எழுதியிருக்கும். நடுவில் மணல். உங்கள் குடும்பம் சுற்றுலா போகலாமா, போனால் காய்ச்சல் பிடிக்குமா என்று கேட்டால், மணல் தானாக நகர்ந்து பதில் சொல்லும்.

சித்தர் கெட்டிக்காரன். சுவரில் ஒரு சாமி படம்கூட இல்லை. "மணலுக்கு மதம் இல்லை" என்று ஒரு பதாகை மட்டும். ஆகவே கோயிலுக்குப் போகிறவர்கள் வந்தார்கள், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள் வந்தார்கள், கிண்ணியாப் பாலம் கடந்து தொழுகை தவறாதவர்களும் வந்தார்கள். ஏமாறுவதில் இந்த மாவட்டம் கண்ட ஒற்றுமையை வேறெதிலும் கண்டதில்லை. கூட்டத்தில் சேர்ந்தால் நோய் தொற்றுமா என்று கேட்டறிய, இருநூறு பேர் ஒரே மாடியில் ஒருவர் கழுத்தில் மற்றவர் மூச்சு விட்டபடி நின்றார்கள்.

எண்பத்துநாலாம் இலக்கத் துண்டோடு நின்றவள் பாலையூற்று மக்டலின். வீட்டில் மெசின் வைத்துச் சட்டை தைப்பவள். அவளுடைய தங்கச்சி சுதர்ஷிகா கலியாணம் கட்டி நுவரெலியாவில் இருக்கிறாள். முதல் இரண்டு தரமும் வயிற்றில் தங்காமல் போய், இப்போது மூன்றாவது, எட்டு மாதம். இரண்டு வருடமாகத் தங்கச்சியின் முகத்தை மக்டலின் போனில்தான் பார்க்கிறாள். இந்த விடுமுறைக்குப் போய் ஏழு நாள், முழுதாய் ஒரு கிழமை, நிற்பது என்று சித்திரையிலேயே முடிவாகியிருந்தது. குழந்தைக்கென்று ஒன்பது குட்டிச் சட்டைகளும் தைத்தாயிற்று.

குறுக்கே நின்றது கணவர் பற்றிக்.

"அஞ்சலோ மூண்டு நாளா இருமுறான். இந்தமுறை விட்டிடுவம், மக்டலின்."

"அது ஐஸ்கிறீம் குடிச்ச இருமல்."

"நோட்டீசில போட்டிருக்கு."

"நோட்டீஸ் போட்டவன் என்ர தங்கச்சியைக் கண்டவனோ? இஞ்சருங்கோ, சித்தரைக் கேப்பம். அவர் நில் எண்டா நான் பிறகு வாய் திறக்கமாட்டன்."

பற்றிக் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளடியில் வேலை. தீக்குச்சி உரசக் கூடாத இடத்தில் பதினாறு வருடம் தாக்குப்பிடித்த மனிதருக்கு, எங்கே பேசாமல் இருக்கவேண்டும் என்பது தெரியும். இருமல் மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு மகனிடம் போனார்.

உண்மையைச் சொன்னால், மக்டலின் சித்தரிடம் கேட்கப் போகவில்லை. "போ" என்ற சொல்லை வாங்கிவரப் போனாள். கடைக்குப் போய்ச் சீனி வாங்குவதுபோல.

அவளுடைய முறை வந்தது. சித்தர் கதிரையில் சாய்ந்திருந்தார். தாடிக்கு நல்லெண்ணெய், வேட்டிக்குச் சவ்வாது.

"எங்கே பயணம், மகளே?"

"நுவரெலியாவுக்குச் சாமி. தங்கச்சி வீட்ட."

"எதில் செல்கிறாய்?"

"பஸ்ஸில."

சித்தர் கண்ணை மூடினார். அருள் வந்தால் அவருக்கு வலது முழங்கால்தான் முதலில் துடிக்கும். மேசைக்குக் கீழே அது துடித்தது. மணல் சிலிர்த்தது, எறும்புக் கூட்டம்போல ஊர்ந்தது, "நில்" பக்கம் போய்ச் சேர்ந்தது. கூட்டம் "ஆ" என்றது. மக்டலினுக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே பக்கத்தில் ஒரு மெல்லிய மனிதன் முளைத்தான். விரலில் சாவிக்கொத்து சுழன்றது. "அக்கா, நான் றெக்சன். பயணத்தில பிழையில்லை, வாகனத்திலதான் பிழை. சித்தர் ஆசீர்வதிச்ச வான் ஒண்டு கீழ நிக்குது. அதில வாறனெண்டு சொல்லி ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

கேட்டாள். முழங்கால் துடித்தது. மணல் நடுவில் வந்து, சற்று நின்று, யோசித்து, "போ" பக்கம் போனது. அந்த மாடியில் அன்று யோசித்தது அது ஒன்றுதான்.

அதே பயணம், அதே காய்ச்சல், வாகனம் மாறினதும் பதிலும் மாறிவிட்டது. மக்டலின் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்தாள். பிழையாகப் போன தையலை உள்ளே மடித்து அடிப்பதுபோல, அதை மடித்து வைத்துவிட்டாள். வான் பதிவாயிற்று. வீட்டில் வைக்கச் சொல்லி ஒரு சிறு பொட்டலம் மணலும் கிடைத்தது.

பயணத்துக்கு முதல்நாள் காலை லைலா வந்தாள். பள்ளிக்கூடத்தில் மக்டலினோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவள், ஊர் புல்மோட்டை, அங்கே கடற்கரையின் கறுப்பு மணல் எடுக்கும் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்க வந்தவளின் கண், குசினியில் பிரிட்ஜுக்கு மேலிருந்த பொட்டலத்தில் விழுந்தது.

"என்னடி இது?"

"தொடாத! கைலாயத்து மணல்."

லைலா தொட்டாள். கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு யன்னலடிக்குப் போனாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கதிரையைப் பிடித்து உட்காரவேண்டி வந்தது.

"புள்ள, இதைச் சோதிச்சுத்தானே நான் பதினொரு வருசமாச் சோறு தின்னுறன். இது எங்கட ஊர் மணல்!"

"கறுப்பா இருந்தா எல்லாம் உங்கடயோ?"

பிரிட்ஜ் கதவில் முந்திய சுற்றுலாவின் ஞாபகமாய்ச் சீகிரியா படம் போட்ட காந்தவில்லை ஒன்று ஒட்டியிருந்தது. லைலா அதைக் கழற்றி உள்ளங்கைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். மணல் மயிர்போலச் சிலிர்த்து எழும்பி, சீகிரியாவில் தொற்றிக்கொண்டது.

"பாரு. இரும்புக் கலப்பான மணல். காந்தத்தைக் கண்டா ஓடிவரும்."

"ஆனா அவர் கையே வைக்கேல்லை, லைலா. தானாத்தான் ஓடினது. நான் கண்ணால கண்டனான்."

"கை வைக்கேல்லை, சரி. கால் எங்க கிடந்தது?"

மக்டலின் பதில் சொல்ல வாய் திறந்தாள். துடித்த முழங்கால் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் அஞ்சலோ தண்ணீர் கேட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தான். ஒன்பது வயதுப் பிள்ளை சுவரைப் பிடித்து நடந்தான். மக்டலின் நெற்றியில் கை வைத்தாள். தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. அலுமாரியிலிருந்து தேர்மோமீற்றரை எடுத்து வைத்துப் பார்த்தால், நூற்றியிரண்டு.

லைலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "சித்தரிட்டப் புள்ளைக்கு இருமல் எண்டு சொன்னியா?"

"அவர் கேக்கேல்லை."

"வேற என்ன கேட்டவர்?"

"எதில போறாய் எண்டு."

சொல்லும்போதே மக்டலினுக்கு விளங்கிவிட்டது. நாளைக்கு இந்நேரம் வான் மலை ஏறிக்கொண்டிருக்கும். பின்னேரம் அஞ்சலோ சித்தியின் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பான். சித்தியைக் கண்டால் அவனுக்கு அது சின்ன வயதுப் பழக்கம். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வீட்டுக்கு, சட்டை தைத்து எடுத்துக்கொண்டு, கூடவே காய்ச்சலையும் கொண்டு போயிருப்பாள் அக்கா. முதலில் பயம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. அதற்குப் பிறகு வந்தது கோபம், முக்கால்வாசி தன்மேல். ஆனாலும் முழுவதையும் சித்தருக்கே கொடுப்பது என்று முடிவுசெய்தாள்.

பற்றிக் வேலையிலிருந்து ஓடிவந்து மகனுக்கு ஈரத்துணி போட உட்கார்ந்தார். "நீங்கள் சொன்னதுதான் சரி," என்றாள் மக்டலின். பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கேட்டிராத வசனம். தனக்கும் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மக்டலினும் லைலாவும் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்துறைமுக வீதிக்குப் போனார்கள். மாடிப்படி முழுக்கச் சனம். இலக்கத் துண்டு இல்லை. மக்டலின் படியில் நின்று உரக்கச் சொன்னாள்:

"தள்ளி நில்லுங்கோ! என்ர வீட்டில காய்ச்சல் கிடக்கு!"

செங்கடல் பிளந்ததுபோல வழி பிளந்தது. மணல் காப்பாற்றும் என்று இடுப்பில் பொட்டலம் முடிந்திருந்தவர்கள்தான் முதலில் சுவரோடு ஒட்டினார்கள்.

"சாமி," என்றாள் லைலா, வலு பணிவாக, "ஒரு சின்ன விசயம். தாம்பாளத்தை அந்த யன்னல் கட்டில வச்சுக் கேப்பமா?"

"மணல் தன் ஆசனத்தை விட்டு நகராது, மகளே."

"நகருறதுதானே அதின்ர தொழில்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தர் தடுக்கமுன் லைலா தாம்பாளத்தைத் தூக்கி யன்னல் கட்டில் வைத்தாள். "இப்ப கேளுங்கோ."

சித்தர் கண்ணை மூடினார். முழங்கால் துடித்தது, உடம்பு துடித்தது, தாடிகூடத் துடித்தது. மணல் மட்டும் சும்மா கிடந்தது.

"தீட்டு!" என்று கத்தினார் சித்தர். "நோய் பிடித்த வீட்டுக்காரி உள்ளே வந்ததால் மணல் கோபித்துவிட்டது!"

கூட்டம் மக்டலினைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை நல்லதாக இல்லை. கண்முன்னே நடந்ததை விட்டுவிட்டு, காதில் விழுந்ததை நம்பத் தயாராகிவிட்டார்கள்.

தையல்காரியின் கைப்பையில் எப்போதும் ஒரு டப்பா குண்டூசி இருக்கும். மக்டலின் அதைத் திறந்து, மேசையைச் சுற்றி வந்து, சித்தரின் மடிக்கு மேலே ஒரே கவிழ்ப்பாய்க் கவிழ்த்தாள்.

ஊசிகள் நிலத்தில் விழவில்லை. பாதி வழியில் திசை மாறி, வலது முழங்காலில் போய்க் குத்திட்டு நின்றன. வேட்டிக்கு மேல் ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்ததுபோல இருந்தது.

"குண்டூசியும் கைலாயத்திலிருந்தோ சாமி வந்தது? டப்பாவில இன்னும் கடை விலை ஒட்டிக் கிடக்கு."

"ஐயோ, குத்துதடி!" என்று சித்தர் துள்ளி எழும்பினார். அவ்வளவு நாளும் பேசிய செந்தமிழ் அத்தோடு போயிற்று. இறுகக் கட்டியிருந்த துணி அவிழ்ந்து, உள்ளங்கை அகலக் காந்தக்கட்டி ஒன்று தொம்மென்று பலகையில் விழுந்தது. கீழே ஒரு வான் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஆசீர்வதித்த வான் தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. சித்தரை ஊருக்குக் கூட்டிவந்த றெக்சன், அவரையும் ஏற்றிக்கொண்டு போவோம் என்று ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் விசேஷம். வரிசையின் முன்னால் நின்ற ஒரு பெரியவர் குனிந்து, அந்தக் காந்தத்தைப் பயபக்தியோடு பார்த்தார்.

"தங்கச்சி, அப்ப இதைக் கேட்டாச் சொல்லுமோ, நாங்கள் மட்டக்களப்புக்குப் போகலாமோ கூடாதோ எண்டு?"

மக்டலினுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாலு நாளைக்கு முன் இதே இடத்தில் நின்றவள்தானே அவளும்.

"ஐயா, வீட்டில ஆருக்கும் காய்ச்சல், இருமல் இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை."

"போற வீட்டில வயசு போனவை, வருத்தக்காரர்?"

"மாமி இருக்கிறா. எண்பத்திரண்டு."

"அப்ப அவவுக்குப் போன் எடுத்து, வரட்டோ எண்டு கேளுங்கோ. பயப்பிட்டாவெண்டா போகாதேங்கோ."

பெரியவரின் முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"இதுக்கோ நான் விடியக்காலமையில இருந்து வரிசையில நிண்டனான்!"

மக்டலின் படியிறங்கி வந்து தங்கச்சிக்குப் போன் எடுத்தாள். "வரேல்லையடி. அஞ்சலோவுக்குக் காய்ச்சல்." அந்தப் பக்கம் அழுதாள், இந்தப் பக்கமும் அழுதாள். ஒன்பது குட்டிச் சட்டைகளும் அடுத்த கிழமை தபாலில் போயின. அஞ்சலோ ஆறாம் நாள் எழும்பி ஐஸ்கிறீம் கேட்டான். அடுத்த மாதம் சுதர்ஷிகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, மணலைக் கேட்காமலே. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு எல்லாருமாய்ப் போய்ப் பார்த்தார்கள். பஸ்ஸில்.

பொட்டலத்தை மக்டலின் எறியவில்லை. சட்டை தைக்க வருகிறவர்கள், நாச்சிக்குடாப் பக்கம் புதிதாக ஒருவர் தேங்காயை வைத்துப் பயணப் பலன் சொல்கிறாராம் என்று கதையை எடுத்தால், பிரிட்ஜிலிருந்து சீகிரியாவைக் கழற்றி, மணலை அங்கும் இங்கும் ஓட்டிக் காட்டுவாள்.

"பாத்தீங்களோ, இழுத்த பக்கமெல்லாம் ஓடுது. பாவம், இதுக்குத் தலை இல்லை. உங்களுக்கு?"