கேமராவுக்கு வாய் திறப்பவர்

பல்வலி எல்லோருக்கும் வரும். ஆனால் அந்த வலியைப் பல் மருத்துவரின் நாற்காலிவரை கொண்டுபோகாமல், கைப்பேசித் திரையோடு முடித்துக்கொள்ளும் ஒரு வகையினர் நம்மிடையே பெருகி வருகிறார்கள். இன்று அவர்களை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். கேமராவுக்கு வாய் திறப்பவர்கள். பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. ஒரு பக்கமாகவே மெல்லுவார்கள், ஐஸ் தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், தெருவில் பல் ஆஸ்பத்திரிப் பலகை தெரிந்தால் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவார்கள். கேட்டால், "அந்தப் பக்கம் நிழல்" என்பார்கள். மழை நாளிலும் அந்தப் பக்கம்தான் நிழல்.

இவருக்கு மருத்துவர்கள்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இவரைப்போல மருத்துவரை மதிப்பவர் கிடையாது. வீடியோவில் வருகிற மருத்துவரை. அவரிடம் ஊசி கிடையாது, குறடு கிடையாது, கர்ரென்று சுற்றும் அந்தக் கருவி கிடையாது. தலையும் தோளும் மட்டும்தான் இருக்கின்றன. போதாக்குறைக்கு, ஒரு சிவப்புப் பொத்தானைத் தொட்டால் மறைந்தும் விடுகிறார். இப்படிப்பட்ட மருத்துவரை யாருக்குத்தான் பிடிக்காது?

என் அக்காவின் கணவர் இந்த வகையில் முழு வளர்ச்சி பெற்ற ஒரு மாதிரி. அத்தானுக்கு லிஃப்ட் ஆய்வாளர் உத்தியோகம். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற வேலை. யாராவது, "சார், போட்டோ அனுப்பிடுறோம், பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்களேன்" என்று கேட்டுவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும்.

"கம்பிக் கயிறு எந்த இடத்துல தேஞ்சிருக்குன்னு போட்டோ சொல்லுமாய்யா? கை வச்சுப் பாக்கணும்!"

இப்படி ஊரில் உள்ள கயிற்றையெல்லாம் கை வைத்துப் பார்க்கிறவர், தம்முடைய கடைவாய்ப் பல்லில் மட்டும் ஒருவரையும் கை வைக்க விடமாட்டார். வலப்பக்கம், கீழ்வரிசை, கடைசிப் பல். அதில் குழி விழுந்து வெகுகாலமாகிறது.

சிகிச்சையின் முதல் சடங்கு, படம் எடுப்பது. ஒரு கையால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, மறுகையால் கைப்பேசியை வாய்க்குள் பாதி நுழைத்து, கழுத்தைக் கொக்கு மாதிரி வளைத்து அவர் எடுக்கும் படங்களில் மூக்குத் துவாரம் தெளிவாக விழும், மீசை தெளிவாக விழும், மேலே உள்ள மின்விளக்குகூட விழும். பல் மட்டும் விழாது. தவறி ஒருநாள் நன்றாக விழுந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் அதை மருத்துவருக்கு அனுப்புவதாக நினைத்து அலுவலகக் குழுவில் அனுப்பிவிட்டார். அங்கிருந்த உதவியாளர் உடனே பொறுப்பாகப் பதில் போட்டார்: "ஐயா, குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, சுவரும் அரித்துப்போயிருக்கிறது. இந்த லிஃப்டுக்கு அனுமதி தர இயலாது." மேலதிகாரி, "எந்தக் கட்டடம்?" என்று கேட்டார்.

அடுத்தது வீடியோ. இதற்கு அத்தான் தயாராவதைப் பார்க்க வேண்டும். சவரம் செய்துகொள்வார், இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொள்வார், ஈறு சிவக்கும்வரை பல் துலக்குவார், எல்லாவற்றையும்விட முக்கியமாக, வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வலி அடங்கிய பிறகுதான் மருத்துவரை அழைப்பார். டாக்டருக்கு முன்னால் வலியோடு உட்கார்ந்தால் மரியாதையாக இருக்காதாம்! அக்கா ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் கரண்டியுமாக நிற்பாள். டார்ச் தொண்டைக்கு, கரண்டி கன்னத்தை ஒதுக்க.

"வலி எப்படி இருக்கு சார்? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"நீங்க எத்தனைன்னு நினைக்கிறீங்க டாக்டர்?"

"வலி உங்களுக்குத்தானே சார்?"

"ஒரு... ரெண்டு போட்டுக்கங்களேன்."

அந்த மருத்துவர் பொறுமைசாலியான பெண். "சரி, உப்புத் தண்ணியில கொப்பளிங்க, இந்த மாத்திரையப் போடுங்க, ஆனா இதெல்லாம் தற்காலிகம்தான், வேர் வரைக்கும் போயிருக்கு, நேர்ல வந்தே ஆகணும்" என்பார். இவர் காது ஒரு சல்லடை. உப்புத் தண்ணீர் உள்ளே போகும்; மற்றது வெளியிலேயே நின்றுவிடும். மாலையில் யார் விசாரித்தாலும், "டாக்டரே சொல்லிட்டாங்க, உப்புத் தண்ணி போதுமாம்" என்பார். மருத்துவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் வேறு மருத்துவரைத் தேடிக்கொள்வார், அவரும் அழுத்தினால் மறுபடி பழையவரிடமே வருவார். மருத்துவரை மாற்றுவார். பல்லுக்கு மட்டும் ஒன்றும் செய்ய மாட்டார்.

இவருடைய தலைசிறந்த வித்தையை இன்னும் சொல்லவில்லை. "நேர்ல வாங்க" என்ற சொல் மருத்துவரின் வாயிலிருந்து வந்ததோ இல்லையோ, அத்தான் அப்படியே உறைந்துவிடுவார். பாதி திறந்த வாய், பாதி ஏறிய புருவம், அந்தரத்தில் நின்றுபோன கை. சிக்னல் போய்விட்டதாம்! இமைகூடத் துடிக்காது. மூச்சு விடுகிறாரா என்று நானே எழுந்துபோய்ப் பார்த்திருக்கிறேன்.

"சார், உங்க பின்னாடி ஃபேன் சுத்துது" என்றார் மருத்துவர் ஒருமுறை.

அத்தான் அசையவில்லை.

"மேடம் துணி மடிக்கிறாங்க."

அசையவில்லை. அக்கா துணியை மடித்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுங்க டாக்டர், கொட்டாவி வரும், அப்ப அசைவார்" என்றாள்.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஒருநாள் காலையில் வலத் தாடைக்குக் கீழே வீக்கத்தோடு எழுந்தார். சின்ன வீக்கமில்லை; சட்டைக் காலர் பித்தான் போட முடியவில்லை. அன்றும் இஸ்திரிச் சட்டைதான், அன்றும் வீடியோதான். பத்திரிகை அட்டைக்குப் படம் எடுக்க வந்த நடிகர்போல இடப்பக்க முகத்தை மட்டும் காட்டி உட்கார்ந்தார்.

"நேரா திரும்புங்க சார்."

"நேராத்தான் இருக்கேன் டாக்டர். கேமராதான் கோணல்." வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"வாயத் திறந்து ரெண்டு விரல வைங்க பாப்போம். உள்ள போகுதா?"

முயன்றார். போகவில்லை. கையை மெல்லத் திருப்பி, இரண்டு விரலையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து நுழைத்துவிட்டு, பரீட்சையில் தேறியவர்போலத் தலையாட்டினார்.

"படுக்க வச்சா யாருக்கும் போகும் சார். ஒண்ணுமேல ஒண்ணா நிறுத்தி வைங்க. எச்சில் முழுங்க முடியுதா?"

"தாராளமா!"

"பொய் டாக்டர்" என்றாள் அக்கா. "ராத்திரி முழுக்கத் துண்டை வாய்க்குக் கீழ பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். காய்ச்சல் வேற."

"ஒண்ணுமில்ல டாக்டர். அவ சும்மா பயப்படுவா."

ஒண்ணுமில்ல. எங்கள் அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டே கடைசியாகச் சொன்ன சொல்லும் அதுதான். இது கேலிக் கட்டுரை; ஆகவே அதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் அக்காவின் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்று தெரியாவிட்டால், அடுத்து அவள் செய்தது உங்களுக்குப் புரியாது.

மருத்துவர் குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "சார், இந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கினா மூச்சையே அடைச்சிடும். இது போன்ல பாக்கற விஷயமே இல்ல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

அத்தான் உறைந்தார். வாய் திறந்து உறைய அன்று வழியில்லை, மூடியபடியே உறைந்தார்.

அக்கா திட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். புத்தக அடுக்கில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், அவருக்குத்தான் சிக்னல் இல்ல. எனக்கு இருக்கு. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

கேமரா போன பிறகும் அத்தான் சிலையாகவே இருந்தார். அசைந்தால் இதுவரை நடித்ததெல்லாம் தெரிந்துவிடுமே! அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. ஆளுக்கொரு தோளாகப் பிடித்து டாக்ஸியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி லிஃப்டில்தான் உயிர் வந்தது. நிமிர முடியாத கழுத்தை நிமிர்த்தி, சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைத் தேடினார். காலாவதியாகியிருந்தால் இறங்கித் திரும்பிவிடலாம் என்று கணக்கு. பாவம், சான்றிதழ் செல்லுபடியாகத்தான் இருந்தது. கீழே கையெழுத்து அவருடையது.

வீக்கத்தைக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள், பல்லைப் பிடுங்கினார்கள். "நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்திருந்தீங்கன்னா கழுத்துல துளை போட்டுத்தான் மூச்சு விட வச்சிருப்போம்" என்று அறுவை மருத்துவர் அக்காவிடம் சொன்னார். அக்கா நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, உள்ளே போய் அவரைத் திட்ட ஆரம்பித்தாள். உயிரோடு இருப்பவரைத் திட்டுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது. நான் அவளை அவசரப்படுத்தவில்லை.

திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? கிளம்பும்போது அறுவை மருத்துவர், "காயம் எப்படி ஆறுதுன்னு அடுத்த வாரம் போன்ல காட்டினா போதும்" என்று நல்லெண்ணத்தில் சொல்லித் தொலைத்தார். அத்தான் எங்களை ஒரு பார்வை பார்த்தார். வழக்கில் வென்றவர் எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்க்கும் பார்வை. இப்போது சொந்தக்காரர்களில் யாருக்குப் பல்வலி என்றாலும் அவர்தான் வீடியோவில் வருகிறார். "வாயத் திற, வெளிச்சத்த இப்படிக் காட்டு, அடடா, இதெல்லாம் நேர்ல போய்க் காட்டணும்ப்பா, தள்ளிப் போடாதே" என்று மிரட்டுகிறார். மேல்வரிசையில் இடப்பக்கம் தமக்கு ஒன்று கூசுகிறதே, அதற்கு மட்டும் டாக்டரம்மாவுக்கு முதலில் ஒரு படம் அனுப்பிப் பார்க்கலாம் என்று இருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இதை வாசிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து உங்கள் நாக்கு நுனி ஒரு குறிப்பிட்ட பல்லையே போய்ப் போய்த் தொட்டுவிட்டு வருகிறதே, அது எந்தப் பல்? சொல்ல வேண்டாம். எனக்குப் படமும் அனுப்ப வேண்டாம். நாக்கை அங்கிருந்து எடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள்.