நூற்றெண்பத்திரண்டாம் நாள்

வெளிநாட்டில் குடியேறிய நம்மவர்களுள் நாளெண்ணி என்றோர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் "போன கிழமை" என்பார்கள். நாளெண்ணியோ சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, விமானம் இறங்கிய நாளும் கணக்கில் வருமா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்.

கண்டி ஹந்தானை வீதியில், சொந்த வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு அமர்ந்திருக்கும் விவேகானந்தனைப் பாருங்கள். டொரொண்டோவில் வேலை பார்த்து இளைப்பாறி ஆறு வருடமாகிறது. ஒரு நாட்டில் நூற்றெண்பத்து மூன்று நாள் தங்கினால் 'நீ எங்கள் வதிவாளர், வரி கட்டு' என்று அந்த நாட்டு வரிக்காரன் வந்து பிடரியில் பிடிப்பான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே கண்டியில் நூற்றெண்பத்திரண்டு நாள், கனடாவில் நூற்றெண்பத்திரண்டு நாள். மிச்சம் ஒரு நாள் இருக்கிறதே? அதை டோஹா விமான நிலையத்தில் மூன்று கதிரைகளைச் சேர்த்துப் படுத்துக் கழிப்பார். லீப் வருடமென்றால் இரண்டு நாள். முதுகு வலி இலவசம்.

வீட்டை விற்கலாமென்றால், அவர் இப்போது கனடாப் பிரசை. பிறகு மனம் மாறினால் இங்கே காணி வாங்குவது பெரும்பாடு. வைத்திருக்கலாமென்றால், கூரை ஒழுகுகிறது. திருத்தலாமென்றால், விற்கப்போகும் வீட்டுக்கு எதற்குச் செலவு? இப்படியே ஆறு மழைக்காலம் போய்விட்டது. படுக்கையறையில் மூன்று வாளிகள் நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிட்டன.

மேசன் அழகமுத்து வருடா வருடம் வந்து கேட்பார். "ஐயா, இந்த வருசமாச்சும் ஓட்டப் பிரிச்சிடலாமுங்களா?"

"பொறுங்கோ அழகமுத்து. முதல்ல ஒரு முடிவெடுப்பம்."

விவேகானந்தனின் மனைவி றஞ்சனா கனடாப் பனிக்குள் முழங்காலை இழுத்து இழுத்து நடந்தவள். இங்கே காலையில் தனியே கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் போய், வழியில் கீரையும் வாங்கி வருகிறாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"ஒரு இடத்தில இருப்பமேயப்பா."

"இருக்கலாம். வதிவாளராப் போனால்?"

"போனால் என்ன, தூக்கிலயா போடப்போறாங்கள்?"

அவர் கொப்பியைப் புரட்டினார்.

நூற்றெண்பத்திரண்டாம் நாள் காலை. பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த விவேகானந்தனின் தலைக்கு மேலே வானம் தெரிந்தது. ஓட்டைப் பிரித்த இடைவெளியில் அழகமுத்துவின் முகமும் தெரிந்தது.

"ஆர் பிரிக்கச் சொன்னது?"

"அம்மாதாங்க!"

றஞ்சனா தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள். அவளுடைய பெட்டி அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. "நீங்கள் போய்ட்டு வாங்கோ. நான் வரேல்லை. கூரை முடிஞ்சாப் பிறகும் வரேல்லை."

அவர் உடனே டொரொண்டோவிலுள்ள தன் கணக்காளர் கௌசிகனைத் தொலைபேசியில் பிடித்தார். "தம்பி, மனிசி இஞ்ச நிக்கப்போறாவாம். அப்ப நான் எந்த நாட்டு வதிவாளர்?"

"அண்ணை, வரிக்காரர் நாள் கணக்கை மட்டும் பாக்கமாட்டினம். மனிசி எங்க இருக்கிறா எண்டதையும் பாப்பினம். அது பெரிய விசயம்."

ஆறு வருடக் கணக்கில் இந்த ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிட்டாரே! முதன்முறையாக அவருக்கு உண்மையான பயம் பிடித்தது. றஞ்சனா இல்லாத டொரொண்டோ வீட்டில் அரை வருடத்தை எப்படிப் போக்குவது? விமான நிலையத்துக்குப் போக அழைத்திருந்த வாகனம் வாசலில் ஹோர்ன் அடித்தது.

"இண்டைக்குப் போகேல்லைத் தம்பி" என்றார் சாரதியிடம்.

"அப்ப என்னைக்குங்க?"

விவேகானந்தன் அழகமுத்துவின் ஏணியைப் பிடிக்கப் போய்விட்டார்.

நீங்கள் இந்த இனமில்லை என்றுதானே இவ்வளவு நேரமும் சிரித்தீர்கள்? நல்லது. அப்படியே உள்ளே போய், உங்கள் வீட்டுக்காரியிடம் எங்கே இருக்க விருப்பம் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் என் வீட்டுக்காரியிடம் இன்னும் கேட்கவில்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.