கீப்பர் கோச்சும் ஒரு சட்டி கேசரியும்

நான் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக உதைத்ததில்லை. அதனால்தான் கால்பந்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். (விளையாடுகிறவனுக்குப் பந்து மட்டும்தான் கண்ணில் படும். வெளியே நின்று கத்துகிறவனுக்குத்தான் மொத்த மைதானமும் தெரியும்.)

எங்கள் திண்டிவனம் டீமுக்கு என் தம்பி செல்வம்தான் கோல்கீப்பர். அவனுக்குப் பயிற்சி கொடுத்த கீப்பர் கோச் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் போன கையோடு விழுப்புரத்துக்காரர்கள் எங்கள் மேல் ஆறு கோல் அடித்தார்கள்.

"அடுத்த மேட்சுக்குள்ள ஒரு கீப்பர் கோச்சப் புடிங்க. இல்லாட்டி செல்வத்த ஒக்கார வெச்சிட்டு வேற பையனப் போடுவேன்" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

மேம்பாலத்துக்குக் கீழே ரவியின் டீக்கடையில் ரசிகர் மகாசபை கூடியது. ஒருவன் பி.டி. வாத்தியாரே போதும் என்றான். இன்னொருவன், "எதுக்குப்பா பேஜாரு? யூடியூப்ல போட்டுக் காட்டு, பையன் பாத்துக்கினு கத்துப்பான்" என்றான். நான் பெஞ்சின் மேல் ஏறிவிட்டேன்.

"வளவனூர் கோவிந்தன் சாரத் தவிர வேற யார் வந்தாலும் என் தம்பி கிளவுஸ் மாட்ட மாட்டான்!" (தம்பியைக் கேட்கவில்லை.)

கோவிந்தன் சார் அந்தக் காலத்துப் பெரிய கீப்பர். இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ரோஷக்காரர். "போன்ல கூப்ட்டா வரமாட்டாரு. தட்டு வெச்சி அழைக்கணும்" என்றான் ரவி.

விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பூ, பழம், வெற்றிலை பாக்கோடு தட்டு தயார். பொம்பளை ஒருத்தி கூட வந்தால் மரியாதை என்று என் மனைவி அமுதாவைப் பட்டுப்புடவையில் கிளப்பினேன். தம்பிக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. விழுப்புரத்தில் பஸ் மாறி வளவனூரில் இறங்கினோம். (இந்த ஊர்வலத்தை நீங்கள் ஒருமுறை மனசில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அன்றைக்கு ஓடவில்லை.)

கதவைத் திறந்த சாரின் மனைவி, தட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானார். "வாங்க, வாங்க! உங்களுக்கு வழி காட்டத்தான் அவரு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாரு. வழியில பாக்கலியா?"

ரவி முன்கூட்டியே தகவல் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. அந்தம்மா தம்பியை உற்றுப் பார்த்து, "போட்டோல வேற மாதிரி இருந்தீங்க தம்பி. நேர்லதான் லட்சணமா இருக்கீங்க" என்றார். தம்பி வெட்கப்பட்டான்.

அமுதா என் தொடையைக் கிள்ளினாள். "ஏங்க, எனக்கு என்னமோ சரியாப் படல."

"சும்மா சாப்டுடி. இன்னும் கொஞ்சம் கேசரி கேளு."

சட்டி காலியான நேரத்தில் வாசலில் கார் நின்றது. கோவிந்தன் சார் உள்ளே வந்தார். அவர் பின்னால் முகையூரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அப்பா, அம்மா, அவர்கள் கையில் ஒரு தட்டு.

"யாருங்க நீங்க?" என்றார் சார்.

வாயில் கேசரி. வேறு எவனாக இருந்தாலும் கொல்லைப்புறமாக ஓடியிருப்பான். நான் விழுங்கிவிட்டு எழுந்து நின்றேன். "சார், எங்க டீமுக்கு நீங்கதான் கீப்பர் கோச்சா வரணும். வர்றேன்னு சொல்லாம இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

மாப்பிள்ளை சிரித்தார். "கீப்பரு சும்மா நிக்கிறவன்தானே? அவனுக்குப் போயி தனியா ஒரு கோச்சா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! டீக்கடை என்றே நினைத்துவிட்டேன். "யாருய்யா சும்மா நிக்கிறது? பத்து பேர் கோட்ட விட்டதுக்கு அப்புறம் கடைசியா நிக்கிறவன்யா கீப்பரு!" மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். தம்பி என்னை இழுத்தான். நான் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பந்தாகவும் வெற்றிலையை கோல் கம்பமாகவும் வைத்து மாப்பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது உள்ளறை வாசலில் சாரின் மகள் தமிழரசி வந்து நின்றாள். "அம்மா, எனக்கு இந்த எடம் வேணாம். எங்கப்பா அத்தன வருஷமும் சும்மாவா நின்னாரு?"

கார் ஜல்தியாகக் கிளம்பிப் போனது. அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கோச்சுக்கா வந்தீங்க? அடப்பாவிங்களா, ஒரு சட்டி கேசரி!"

ஒரு பெண்ணின் சம்பந்தத்தையே கெடுத்துவிட்டோமே என்று நிஜமாகவே நொந்துபோனேன். சார் மகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "கையக் காட்டுடா" என்றார். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில வர்றேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். அடுத்த மேட்சில் தம்பிதான் நின்றான், ஒரு கோலும் விடவில்லை. பயிற்சிக்கு அப்பாவோடு தமிழரசியும் வந்து பந்து அடித்துக் கொடுப்பாள். மற்ற எல்லாப் பந்தையும் பிடிப்பவன், அவள் அடிப்பதை மட்டும் விட்டுவிடுவான். அது என்ன கோளாறு என்று டீக்கடையில் ஒரு வாரம் விவாதித்தோம். கடைசியில் அமுதாதான் கண்டுபிடித்தாள்.

தம்பியின் கல்யாணப் பந்தியில் முதல் இலையில் கேசரி வைக்க வேண்டாம் என்று பெண் வீட்டார் சொல்லி வைத்திருந்தார்கள். முதல் இலை என்னுடையது.

கோச்சாக அழைக்கப் போன கோவிந்தன் சார் இன்றைக்கு எங்களுக்குச் சம்பந்தி. நல்லநாள் பெரியநாளுக்கு நான் அந்த வீட்டுப் படியேறினால், அந்தம்மா கேசரிச் சட்டியை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிறுத்துவார்.

"மொதல்ல எதுக்கு வந்தீங்கன்னு சொல்லுங்க தம்பி. அப்புறம் ஒக்காரலாம்."