சைபர் அண்ணையின் தராசுத் தட்டு

டென்மார்க் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் சைபர் அண்ணையைப் போலப் பயந்த ஒரு துப்பாக்கிக்காரரைக் கண்டுபிடிக்க முடியாது. மற்றவர்கள் அடுத்தவன் துப்பாக்கிக்குத்தான் பயப்படுவார்கள். இவர் தன் துப்பாக்கிக்குத் தானே பயந்தவர். தோட்டாவுக்குள் போகிற வெடிமருந்து ஒரு மணி கூடிவிடுமோ, ஒரு மணி குறைந்துவிடுமோ என்று எந்நேரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார். அந்த நெருப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கும் பங்கு தந்தார். நானோ குக்கர் விசில் அடித்தாலே எழுந்து ஓடுகிறவன்.

எங்கள் ஸ்கீவ நகரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்கள்தான். அவர்களில் ஒருவருக்கும் அண்ணையின் சொந்தப் பெயர் நினைவில் இல்லை. எங்கே தராசைக் கண்டாலும் அது பூச்சியத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். தமிழ்க்கடையில் முருங்கைக்காய் நிறுக்கும்போது, “தம்பி, காயைத் தூக்கும். முதல்ல சைபரைக் காட்டும்” என்பார். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் குழந்தை யார் சாயல் என்று பார்ப்பார்கள். இவர் குழந்தையை நிறுத்துப் பார்த்த தராசைப் பற்றி விசாரிப்பார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

இறைச்சித் தொழிற்சாலையில் முழங்கால் தேய வேலை செய்து ஓய்வு பெற்றவர். அங்கே கூட வேலை செய்த யென்ஸ் என்ற டெனிஷ்காரர்தான் இவரைத் துப்பாக்கி சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனார். ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் பங்கருக்குள் முதல் ஆளாகக் குதித்தது தான்தான் என்று பெருமையாகச் சொல்லுகிற மனிதர் இவர். “அப்படிப்பட்ட நீங்கள் என்னண்டு அண்ணை இதுக்குள்ள போனீங்கள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அங்க வெடி எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, தம்பி. இஞ்ச நான் விரலை அமத்தினால்தான் வெடிக்கும். அது எவ்வளவு நிம்மதி தெரியுமோ?”

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பின் அவருக்கு இருந்த ஒரே போக்கிடம் அந்தக் கழகம்தான். அங்கே யென்சோடு கருங்கோப்பி குடித்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று டெனிஷில் உரத்துக் கதைப்பார். கழகம் இல்லாத நாட்களில் யன்னலோரம் இருந்து மழையைப் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

கடைத் தோட்டா இவருக்குச் சரிவரவில்லை. சுட்டு முடிந்த வெற்றுக் கூட்டில் தானே மருந்து போட்டு, தானே குண்டு பொருத்தும் பழக்கத்தை யென்சிடம் கற்றுக்கொண்டார். உரிய அனுமதிகள் எல்லாம் வைத்திருந்தார். இந்த வேலையின் உயிர்நாடி ஒன்றுதான்: ஒவ்வொரு கூட்டிலும் மருந்து ஒரே அளவாக விழவேண்டும். குறைந்தால் குண்டு தாழப் போகும். கூடினால் துப்பாக்கியே வெடித்து முகத்துக்குத் திரும்பிவிடலாம். ஆகவே அளவு தவறாமல் மருந்தை அளந்து போடுகிற ஒரு மெசின் வேண்டும். அந்த மெசினைத் தேடித்தான் அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார்.

இந்த விஷயம் ஊருக்குத் தெரியவந்த விதத்தைச் சொல்லவேண்டும். ஒரு பிறந்தநாள் விழா. மண்டபம் நிறையச் சனம். அண்ணை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, “தம்பி, வெள்ளிக்கிழமை வீட்டை வாரும். புது வெடிமருந்து வந்திருக்கு!” என்றார். மண்டபம் அப்படியே உறைந்துபோனது. ரோல்ஸ் கடித்த வாய்கள் கடித்தபடி நின்றன. நிலைமையைச் சரிசெய்ய நினைத்த அண்ணை கையை உயர்த்தி, “ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ! பொலிசுக்கு எல்லாம் தெரியும்!” என்று கத்தினார். கேக் வெட்ட முதலே பாதிப் பேர் சட்டைப் பையில் கார்த் திறப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

அண்ணை வீட்டின் பின்புறம் தனியாக ஒரு சிறிய அறை. அதற்குள் நுழைவதற்கு ஒரு கோயிலுக்குரிய ஆசாரம் இருந்தது. கைத்தொலைபேசி ஆகாது, அதன் அலை தராசைக் குழப்பும். அதை மழைக் கோட்டுக்குள் சுற்றி வேலியில் தொங்கவிட வேண்டும். கம்பளிச் சட்டை ஆகாது. அதில் மின்சாரம் ஊறும். ஹீற்றர் ஆகாது, காற்று அசையும். தை மாதக் குளிரில் பருத்திச் சட்டையோடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். “தம்பி, மூச்சைப் பிடியும். இலக்கம் ஆடுது” என்பார். பிடிப்பேன். அவர் மறந்துவிடுவார். எனக்குக் கண் இருண்டுகொண்டு வரும்.

மலர் அக்கா, அண்ணையின் மனைவி, அந்த அறைக்கு அஞ்சியவர். ஆனால் அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. வீட்டுக்கு எந்தச் சாமான் புதிதாக வந்தாலும் சந்தனப் பொட்டு வைத்து நடுவில் குங்குமமும் வைப்பார். காருக்குப் பொட்டு. பிரிட்ஜுக்குப் பொட்டு. புல் வெட்டும் ரோபோகூட நெற்றியில் பொட்டோடுதான் தோட்டத்தைச் சுற்றிவந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவ்வளவு பொட்டும் புதுப்பிக்கப்படும்.

மருந்து மெசினுக்கு மட்டும் அண்ணை தடை போட்டுவிட்டார். “இஞ்சேரும், இதில மட்டும் கை வைக்கப்படாது. தூசிக்கும் நிறை இருக்கு.” அக்கா தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை பகல் பூசை முடிந்ததும் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவார். அதற்குப் பிறகு நாங்கள் உள்ளே போவோம்.

முதல் மெசின் கையால் இயக்குவது. கைப்பிடியை இழுத்தால் உள்ளே ஓர் உருளை திரும்பி, அதில் இருக்கிற குழி அளவுக்கு மருந்தைக் கொட்டும். அண்ணை முதலில் கடுகு போட்டுப் பார்த்தார். அற்புதம். ரவை போட்டார். அதுவும் அற்புதம். மருந்தைப் போட்டதும் மெசினுக்குக் குணம் மாறிவிட்டது. குச்சி குச்சியான மருந்து மணிகள் உருளையின் விளிம்பில் சிக்கி நறுக் நறுக்கென்று வெட்டுப்பட்டன. ஒருமுறை கூட விழுந்தது, மறுமுறை குறைய விழுந்தது.

“கடுகுக்கு நல்ல மெசின், தம்பி,” என்றார் அண்ணை மிகவும் நியாயமாக. “ஆனா கடுகைச் சுடேலாது.”

இரண்டாவது, மின்சாரத்தில் ஓடுவது. தராசும் அதோடு சேர்ந்தே இருக்கும். தட்டில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொட்டி, சொன்ன நிறை வந்ததும் தானாக நின்றுவிடும். தொடக்கத்தில் தங்கமாக வேலை செய்தது. கொஞ்ச நேரம் கழித்து வெறுந்தட்டை வைத்துப் பார்த்தபோது அண்ணை அலறிவிட்டார்.

“சைபருக்குக் கீழ போகுது! தம்பி, சைபருக்குக் கீழ!”

அன்றைக்குச் செய்த தோட்டாக்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். நெற்றி வியர்வை மருந்தில் விழக்கூடாதென்று நான் பக்கத்தில் துவாயோடு நின்றேன். பிரிட்ஜின் அதிர்வு என்றார். பக்கத்து வீட்டு வெப்ப மெசின் என்றார். கடைசியில் என் நெஞ்சைக் கூர்ந்து பார்த்து, “உமக்கு இதயம் கொஞ்சம் பலமா அடிக்குது போல” என்றார். அடித்தது உண்மைதான். ஆனால் அது யாரால் அடித்தது? அந்த மெசின் வந்த வழியே திரும்பிப் போனது.

மூன்றாவது ஓல்போர்க் நகரத்தில் இருந்தது. ஒரு வயதான வேட்டைக்காரர் விற்கப்போவதாக யென்ஸ் சொன்னார். என் காரில் போனோம். அந்த மனிதரின் குசினி மேசையில் மெசினை வைத்து, ஒரு சாடி கோப்பி முடியும் வரை அண்ணை வெறுந்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இலக்கம் அசையவில்லை. வீட்டுக்காரர் தும்மினார். அப்போதும் அசையவில்லை. திரும்பி வரும்போது மெசினை மடியில் வைத்து, தனக்கும் அதற்குமாகச் சேர்த்து இருக்கைப் பட்டியைக் கட்டினார். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற காரைப் போல ஓட்டச் சொன்னார். எங்களை முந்திப் போன உழவு இயந்திரக்காரன் கை காட்டிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த ஞாயிறு கழகங்களுக்கிடையிலான போட்டி, அண்ணையும் அணியில். அக்கா அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போனார். நான் தொலைபேசியை வேலியில் தொங்கவிட்டேன். அண்ணை மெசினைப் போட்டு, தட்டை வைத்து, சைபர் ஆக்கினார். சில தோட்டாக்கள் முடிந்தன. வெறுந்தட்டைத் திரும்ப வைத்தார்.

இலக்கம் சைபருக்குக் கீழே இறங்கியது.

இந்த முறை அலறவில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. கதிரையில் இருந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஓல்போர்க்கில நல்லாத்தானே நிண்டது. அப்ப மெசினில பிழை இல்ல, தம்பி. பிழை என்னில. கை நடுங்குது போல, கண்ணும் தெரியேல்ல போல. இந்தக் கையை நம்பி நான் என்னண்டு சுடுறது? இனி வரேல்ல எண்டு யென்சுக்குச் சொல்லப் போறன்.”

எப்போது இந்த மருந்துச் சனியன் ஒழியும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவன் நான். இப்போது கண்முன்னே அந்த யன்னலும் மழையும் வந்து நின்றன. “அவசரப்படாதேங்கோ அண்ணை” என்றேன்.

“பெட்டியில வையும், தம்பி. தட்டை வேறயாச் சுத்தும்.”

தட்டைக் கடதாசியில் சுற்றுவதற்காகக் கவிழ்த்தேன். அடிப்பக்கத்துக் குழிவில் மஞ்சளாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். ஓரம் காய்ந்து வெடித்திருந்தது. நடுப்பகுதி இன்னும் ஈரம். நான் தட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

அண்ணை அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. ஈரப் பொட்டோடு சைபர் போட்டால், பொட்டுக் காயக் காயத் தட்டின் நிறை குறையும். குறைந்த நிறையை ஈடுகட்ட மெசின் அவ்வளவு மருந்தைக் கூடக் கொட்டும். அவரைக் காப்பாற்ற வைத்த பொட்டு வெள்ளிக்கு வெள்ளி மருந்தைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது. திருப்பியனுப்பிய மெசின் பாவம், அதில் ஒரு குற்றமும் இல்லை.

“இஞ்சேரும்!”

அக்கா ஈரக்கையோடு வந்து, தட்டைக் கண்டதும் வாசலில் நின்றுவிட்டார்.

“உம்மட்டை இதில கை வைக்கப்படாதெண்டு சொன்னனான் எல்லே?”

“மேல வைக்கேல்லையே. அடியிலதான் வைச்சனான்.”

“ஏன் வைச்சனீர்?”

“புல்லு வெட்டுறதுக்கு வைக்கிறம், உடுப்புத் தோய்க்கிறதுக்கு வைக்கிறம். வெடிக்கிற சாமானுக்கு மட்டும் வைக்காமல் விடுறதோ?” அக்கா ஈரக்கையை உடுப்பில் துடைத்தார். “நீங்கள் இந்தக் கதவைச் சாத்தினால், திரும்பத் திறக்கும் வரைக்கும் எனக்கு அங்க ஒரு வேலையும் ஓடாது. அடுப்பில என்ன கருகுது எண்டுகூடத் தெரியாது. வேற என்னத்தை நான் செய்ய?”

இத்தனை காலமும் அறைக்குள் தான் மட்டும்தான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்த மனிதர் அண்ணை. என் கையிலிருந்து தட்டை வாங்கினார். தண்ணீரைத் தேடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தட்டை அக்காவிடம் நீட்டினார்.

“இனி விடியக் காலமையே வையும். மெல்லிசா வையும். அது நல்லாக் காஞ்சாப் பிறகுதான் நான் சைபர் போடுவன்.”

போட்டியில் அவருடைய கழகம் கடைசிக்கு முந்திய இடம். ஆனால் இலக்கு அட்டையில் அண்ணையின் குண்டு போட்ட ஓட்டைகள் எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. யென்ஸ் அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லோரிடமும் காட்டித் திரிந்தார். என்ன மெசின் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணை விளக்கம் கொடுத்தார். பொட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

இப்போதும் நான் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். பொட்டுக் காயும் வரை மூன்று பேரும் தேத்தண்ணி குடிப்போம். அண்ணை கதவைச் சாத்தப் போகும்போது, ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தட்டைத் திருப்பிப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பவன் நான்தான்.